படப் புரட்டு: 3 மணி நேர விதியும் புணேயின் 3 நாள்களும்

புது தில்லி: சமூக வலைதளங்களில் வெளியாகும் சட்டவிரோதமான பதிவுகளை, நீதிமன்றமோ அரசோ உத்தரவிட்ட 3 மணி நேரத்துக்குள் அகற்றியாக வேண்டும் என்ற திருத்த விதி 2026 பிப்ரவரி 20-ஆம் தேதி முதல் அமலுக்கு வந்திருக்கிறது. முன்பு இதற்கு 36 மணி நேரம் அவகாசம் இருந்தது. கணினியின் துணையால் உருவாக்கப்பட்ட அல்லது உண்மையென நம்பும்படி மாற்றியமைக்கப்பட்ட படங்கள், அத்தகையவை என்ற அறிவிப்பைத் தாங்கியிருக்க வேண்டும் என்பதும் இந்த விதிகளின் முக்கிய அம்சம். மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இதற்கான அறிவிக்கையை பிப்ரவரி 10-ஆம் தேதி வெளியிட்டது.

36-ஐ 3 ஆகக் குறைத்ததன் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பொய்ப் படம் பரவும் வேகமே ஆபத்து; அந்த வேகத்தை அரசு முந்திவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்பதே அது. இந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரியானது என்பதை உரசிப் பார்க்க ஏற்ற ஊர் புணே. கல்வி நகரம் என்றும் தகவல் தொழில்நுட்ப நகரம் என்றும் பெயர் பெற்ற அந்த ஊர், இரண்டே ஆண்டு இடைவெளியில் இரு முறை படங்களால் நிலைகுலைந்தது.

ஹடப்சர் வீதியில்...

2014-ஆம் ஆண்டு மே 31, சனிக்கிழமை. மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியாகி இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. மகாராஷ்டிரத்தில் காங்கிரஸ்-தேசியவாத காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. பிருத்விராஜ் சவாண் முதல்வர், உள்துறை ஆர்.ஆர். பாட்டீல் வசம் இருந்தது. சட்டப்பேரவைத் தேர்தலுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. சத்ரபதி சிவாஜியையும் சிவ சேனை நிறுவனர் பால் தாக்கரேயையும் இழிவுபடுத்தும் வகையில் உருமாற்றப்பட்ட படங்கள் ஃபேஸ்புக்கில் வெளியானதாகப் புணேயில் பேச்சு பரவியது. அன்று இரவே கல்வீச்சு தொடங்கியது. மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன, பேருந்துகள் நொறுக்கப்பட்டன.

மூன்றாம் நாள், ஜூன் 2-ஆம் தேதி இரவு, நகரின் கிழக்கே உள்ள ஹடப்சர் பகுதியில், தொழுகையை முடித்துவிட்டு நண்பருடன் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக் கொண்டிருந்த மோசின் ஷேக் என்ற இளைஞரை ஒரு கும்பல் வழிமறித்து ஹாக்கி மட்டைகளால் தாக்கிக் கொன்றது. சோலாப்பூரிலிருந்து வந்து புணேயில் தகவல் தொழில்நுட்பப் பணியில் இருந்தவர் அவர். அந்தப் படங்களுக்கும் அவருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதைக் காவல் துறையே தெளிவுபடுத்தியது. தாடியும் தலையில் தொப்பியும்தான் அவருக்கு எதிரான சாட்சியங்களாகக் கும்பலுக்குத் தோன்றின.

படம் வெளியானதற்கும் கொலைக்கும் இடையே ஏறத்தாழ 48 மணி நேரம் இருந்தது. கல்வீச்சு தொடங்கிய பிறகும் ஒரு முழு பகலும் ஒரு முழு இரவும் காவல் துறையின் கையில் இருந்தன. ஆக, இந்த நிகழ்வில் மணிக் கணக்கு பெரிய பொருட்டல்ல. தெருவில் கூடும் கும்பலை அடையாளம் கண்டு கலைப்பதும், யார் தூண்டுகிறார்கள் என்று கண்டு தடுப்பதும் இணையதள நிறுவனங்களின் வேலை அல்ல. அது மாநில அரசின் காவல் துறை வேலை. புணேயில் தவறியது அதுதான்.

கொலை வழக்கு சென்ற பாதை இன்னும் வேதனையானது. 2017 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம், குற்றம்சாட்டப்பட்டவர்களில் மூவருக்கு ஜாமீன் வழங்கியது. கொல்லப்பட்டவர் வேறு மதத்தைச் சேர்ந்தவர் என்பது மட்டுமே அவரது குற்றம் என்று குறிப்பிட்ட நீதிபதி, மதத்தின் பெயரால் தூண்டப்பட்டனர் என்பதை மனுதாரர்களுக்குச் சாதகமான அம்சமாகக் கருதுவதாக எழுதினார். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் எஸ்.ஏ. போப்டே, எல். நாகேஸ்வர ராவ் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. பன்முகத்தன்மை கொண்ட நாட்டில் பணியாற்றுகிறோம் என்ற உணர்வு நீதிமன்றங்களுக்கு வேண்டும் என்றும் அந்த அமர்வு நினைவூட்டியது. எனினும் விசாரணை முடிந்து 2023 ஜனவரி 27-ஆம் தேதி புணே அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஹிந்து ராஷ்டிர சேனையின் தலைவர் தனஞ்சய் தேசாய் உள்பட 20 பேரும், போதிய ஆதாரம் இல்லை என்று விடுவிக்கப்பட்டனர். நீதிமன்றம் விடுவித்தவர்களை நாம் குற்றவாளிகள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு நகரத்தின் வீதியில், பலர் பார்க்க, ஓர் இளைஞர் கொல்லப்பட்டார். எட்டரை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கொலைக்கு யாரும் பொறுப்பாளி ஆக்கப்படவில்லை.

வித்தையும் புரட்டும்

படத்தை வெட்டி ஒட்டும் வித்தை புணேக்குப் புதிதல்ல. 1933-ல் கோல்ஹாப்பூரிலிருந்து புணேக்கு இடம்பெயர்ந்த பிரபாத் பட நிறுவனம், 1936-ல் எடுத்த "சந்த் துக்காராம்" படத்தில், துக்காராமர் வானுலகு செல்லும் காட்சியைத் தந்திரப் படப்பிடிப்பால் உருவாக்கியது. 1937-ல் வெனிஸ் படவிழாவில் பாராட்டுப் பெற்ற படம் அது. பிரபாத் ஸ்டுடியோ இருந்த வளாகத்தில்தான் 1960 முதல் திரைப்படக் கல்லூரி இயங்கி வருகிறது.

அந்தக் காலத் தந்திரப் படப்பிடிப்பின் அடிப்படை எளிமையானது. படச் சுருளின் ஒரு பகுதியை மறைத்துவிட்டு மீதியில் ஒரு காட்சியைப் பதிவு செய்வார்கள். பிறகு பதிவான பகுதியை மறைத்து, விட்ட இடத்தில் வேறு காட்சியைப் பதிவு செய்வார்கள். ஸ்டுடியோக்காரர்கள் இதை "மாஸ்க்" என்பார்கள். 1990-ல் வெளிவந்த ஃபோட்டோஷாப் மென்பொருளும், 1994-ல் அதில் சேர்க்கப்பட்ட "லேயர்" என்னும் அடுக்கு முறையும் இதே வேலையைக் கணினித் திரைக்குக் கொண்டு வந்தன. கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைப்பதுபோல் படங்களை அடுக்கி, மேல் தாளில் வேண்டாத இடத்தை மறைத்தால், கீழ்த் தாள் அந்த வழியே தெரியும். மேல் படம் அழிவதில்லை, மறைகிறது, அவ்வளவே. திருமண ஆல்பம் தயாரிக்கும் எந்த ஊர் ஸ்டுடியோவிலும் நாள்தோறும் நடக்கும் காரியம்தான் இது.

ஒட்டுவது எளிது, ஒட்டியது தெரியாமல் இருப்பதுதான் கடினம். நேரான ரயில் தண்டவாளங்கள் தொலைவில் ஒரு புள்ளியில் சேர்வதுபோல் தோன்றுகின்றன அல்லவா? ஒரு படத்தில் ஒரே திசையில் இணையாகச் செல்லும் கோடுகள் அனைத்தும் – சுவர் விளிம்பு, ஜன்னல் சட்டம், நடைபாதை – அப்படி ஒரே புள்ளியை நோக்கித்தான் செல்ல வேண்டும். கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்பதும் படத்திலேயே பதிந்திருக்கும். மாடியிலிருந்து எடுத்த வீதிப் படத்தில், தரையில் நின்று எடுத்த மனிதனை ஒட்டினால் அவன் கால் தரையில் பாவாது. நிழலும் அப்படியே. ஒவ்வொரு நிழலின் நுனியிலிருந்தும் அதற்குரிய பொருளின் நுனி வழியே கோடு போட்டால், எல்லாக் கோடுகளும் விளக்கையோ சூரியனையோ நோக்கிச் சென்று கூட வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேனி ஃபரீத் போன்ற ஆய்வாளர்கள் இந்த வடிவியல் கணக்கை வைத்தே பல புரட்டுகளைப் பிடித்திருக்கிறார்கள். 2005-ல் ஃபோட்டோஷாப் இந்தப் புள்ளிக் கணக்கைத் தானே கவனித்துக்கொள்ளும் கருவியை அளித்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களோ, கோணம், ஒளி, நிழல் மூன்றையும் சொன்ன மாத்திரத்தில் பொருத்தித் தருகின்றன. கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்த காலம் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் 2014-ல் புணேயில் கல்லெறிந்தவர்கள் கோணக் கணக்கைப் பார்த்து ஏமாந்தவர்கள் அல்லர். சிவாஜி மன்னரின் படம் உருமாற்றப்பட்டது என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா? படம் பொய் என்பதே அங்கே கோபத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. இதை தில்லியில் விதி எழுதுகிறவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. "இது திருத்தப்பட்ட படம்" என்று அதன் நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தாலும் மே 31-ஆம் தேதி இரவு எதுவும் மாறியிருக்காது.

2012: திருத்தாத படமே போதும்

புணேயின் முந்தைய அனுபவம் இதற்கு நேர் எதிரானது. 2012 ஜூலையில் அசாமில் போடோ மக்களுக்கும் வங்க மொழி பேசும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தைத் தொடர்ந்து, ஆகஸ்டில் கொடூரமான படங்கள் செல்லிடப்பேசிகளில் சுற்றத் தொடங்கின. புணேயில் வடகிழக்கு மாநிலத்தவர்கள் தாக்கப்பட்டனர். அந்தச் செய்தியும், அதையொட்டிய வதந்திகளும் பெங்களூரு, சென்னை, ஹைதராபாத் என்று பரவின. குவாஹாட்டி செல்லும் ரயில்களில் இடம் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் திரண்ட காட்சியைத் தமிழகமும் கண்டது.

ப. சிதம்பரத்திடமிருந்து உள்துறைப் பொறுப்பை அப்போதுதான் ஏற்றிருந்தவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சுஷீல்குமார் ஷிண்டே. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப 15 நாள்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஒருவர் 5 செய்திகளுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாது என்று கட்டுப்படுத்தப்பட்டது. பெரும்பாலான படங்கள் பாகிஸ்தானிலிருந்து பதிவேற்றப்பட்டவை என்று உள்துறைச் செயலர் ஆர்.கே. சிங் தெரிவித்தார்.

அந்தப் படங்களில் பல எவ்வகையிலும் திருத்தப்படாதவை என்பதுதான் கவனிக்க வேண்டியது. 2010-ல் திபெத்தியர் வாழும் யூஷூ பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் இறந்தவர்களின் உடல்களுக்கிடையே பௌத்தத் துறவிகள் நிற்கும் படம் ஒன்று, மியான்மரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்ட காட்சி என்று காட்டப்பட்டது. படம் உண்மை, கீழே எழுதிய வரிதான் பொய். இங்கே மறைக்கப்பட்டது படத்தின் ஒரு மூலை அல்ல, இடமும் காலமும். புதிய விதிகளின்படி இத்தகைய படத்துக்கு எந்த அறிவிப்பும் தேவையில்லை, ஏனெனில் அது மாற்றியமைக்கப்பட்ட படமே அல்ல.

அன்றைய அரசு 300-க்கும் மேற்பட்ட இணையப் பக்கங்களையும் கணக்குகளையும் முடக்கியது. பெங்களூருவில் உள்ள இணையம் மற்றும் சமூக ஆய்வு மையம் அந்தப் பட்டியலை ஆராய்ந்தபோது ஒரு விந்தை வெளிப்பட்டது. "இந்தப் படங்கள் பொய்யாகப் பயன்படுத்தப்படுகின்றன" என்று முதலில் அம்பலப்படுத்தி எழுதிய பக்கங்களும் முடக்கப்பட்டவற்றில் இருந்தன. பொய்யையும் பொய்யை உடைத்தவரையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டது அவசரம். 36 மணி நேரமும் அல்ல, 3 மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய நிலையில் ஒரு நிறுவனம் என்ன செய்யும்? ஆராய்வதைவிட அகற்றுவதே பாதுகாப்பு என்று எண்ணும். தேர்தல் ஆணையம் 2024 மே 6-ஆம் தேதி இதே 3 மணி நேரக் கெடுவை விதித்தது; ஆனால் அது அரசியல் கட்சிகளுக்கு, தங்கள் கணக்கில் உள்ள பொய்ப் பதிவுகளை நீக்குவதற்கு. தன் பதிவு பொய்யா, மெய்யா என்பது கட்சிக்குத் தெரியும். பிறர் பதிவைப் பற்றி நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்?

சென்னை வெள்ளமும் ஒரு ஜன்னலும்

பொய்ப் படம் என்றாலே அநாமதேய விஷமிகள், அயல்நாட்டுச் சதி என்று பேசுவது தில்லியின் வழக்கம். தமிழக வாசகர்களுக்கு வேறொரு படம் நினைவிருக்கும். 2015 டிசம்பர் 3-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி சென்னை வெள்ளப் பகுதிகளை வான் வழியே பார்வையிட்டார். அவர் ஜன்னல் வழியே கீழே நோக்கும் படத்தைப் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ட்விட்டரில் வெளியிட்டது. அதில் ஜன்னல் வட்டத்துக்குள், நீரில் மூழ்கிய வீடுகளும் மரங்களும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளவைபோலப் பளிச்சென்று தெரிந்தன. பார்த்தவர்கள் உடனே சந்தேகித்தார்கள். உயரத்தில் பறப்பவருக்கு, அதுவும் மழைக்கால மூட்டத்தில், தரை அப்படித் தெரியாது. முன்னர் வெளியான அசல் படத்தில், ஜன்னலுக்கு அப்பால் மங்கலான, நீர் சூழ்ந்த நிலப்பரப்பே இருந்தது.

ஜன்னலின் வட்டத்தை மறைப்பாகக் கொண்டு வேறொரு படத்தை உள்ளே பொருத்தியிருந்தார்கள். ஆனால் பார்வைக் கோணத்தையும் தொலைவையும் பொருத்த மறந்துவிட்டார்கள். அந்த அலுவலகம் படத்தை நீக்கியது. இரு படங்கள் இணைக்கப்பட்டுவிட்டதாகக் கூறி வருத்தமும் தெரிவித்தது. வழக்கு எதுவும் இல்லை, தேவையும் இல்லை. யாருக்கும் அதனால் காயம் ஏற்படவில்லை, அரசின் நம்பகத்தன்மையைத் தவிர.

இதே பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவைத்தான், மத்திய அரசு தொடர்பான செய்திகளில் எது பொய் என்று தீர்மானிக்கும் அமைப்பாக 2024 மார்ச் 20-ஆம் தேதி அரசு அறிவித்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், மும்பை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு அளித்த பிறகு, மூன்றாவது நீதிபதியாக விசாரித்த ஏ.எஸ். சந்துர்கர் 2024 செப்டம்பரில் அந்த விதித் திருத்தம் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார், விதி ரத்தாயிற்று.

யாருடைய முகம்?

படப் புரட்டு வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், சட்டத்தின் வேகம் விளைந்த சேதத்தைப் பொறுத்து அமையவில்லை, படத்தில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்தே அமைகிறது என்ற முடிவைத் தவிர்க்க முடியவில்லை.

2012 ஏப்ரலில் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மஹாபாத்ரா, முதல்வர் மம்தா பானர்ஜியையும் அவரது கட்சியினரையும் கிண்டல் செய்யும் படத் தொகுப்பு ஒன்றை மின்னஞ்சலில் பகிர்ந்ததற்காகக் கைது செய்யப்பட்டார். யாரும் கல்லெறியவில்லை, யாரும் கொல்லப்படவில்லை. அந்த வழக்கிலிருந்து அவர் விடுபட்டது 2023 ஜனவரியில் – புணேயில் 20 பேரும் விடுவிக்கப்பட்ட அதே மாதத்தில். 2012 நவம்பரில், பால் தாக்கரே மறைவையொட்டி நடந்த கடையடைப்பு குறித்து ஃபேஸ்புக்கில் எழுதிய ஓர் இளம்பெண்ணும், அதற்கு "லைக்" போட்ட அவரது தோழியும் மகாராஷ்டிரத்தின் பால்கரில் கைதாயினர். அந்த நிகழ்வைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட ஷ்ரேயா சிங்கால் வழக்கில்தான், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ஆம் தேதி செல்லாது என்று அறிவித்தது. பிரிவு போனாலும் பழக்கம் போகவில்லை. 2019 மே மாதம், நடிகை பிரியங்கா சோப்ராவின் படத்தில் மம்தாவின் முகத்தைப் பொருத்திய கேலிப் படத்தைப் பகிர்ந்த பாஜக இளைஞர் அணியைச் சேர்ந்த பிரியங்கா சர்மா சிறைக்கு அனுப்பப்பட்டு, உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே ஜாமீனில் வெளிவந்தார்.

மறுபுறம், 2023 மே 28-ஆம் தேதி, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட நாளில், தில்லியில் போராடிய மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகாட், சங்கீதா போகாட் ஆகியோர் போலீஸ் வாகனத்தில் ஏற்றிச் செல்லப்பட்டனர். இறுகிய முகத்துடன் அவர்கள் எடுத்துக்கொண்ட படம், சில மணி நேரத்தில் புன்னகை பூத்த முகங்களாக மாற்றப்பட்டு, போராட்டமே நாடகம் என்ற பிரசாரத்துடன் சுற்றியது. அதே ஆண்டு நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகம் பொருத்தப்பட்ட காணொலி வெளியானபோது, மத்திய அமைச்சர்கள் கண்டித்தனர். தில்லி போலீஸார் தேடித் தேடி, 2024 ஜனவரியில் ஆந்திரத்தில் ஒருவரைக் கைது செய்தனர். அது சரியான நடவடிக்கைதான். அந்த முனைப்பு வீராங்கனைகள் விஷயத்தில் காணப்படவில்லை என்பதுதான் நம் கவலை.

ஆதாரத்துக்கு 180 நாள்

ஒரு படம் அகற்றப்பட்ட பிறகு அதன் கதி என்ன என்பது அடுத்த கேள்வி. வழக்கு நடத்த அசல் வேண்டும். வாட்ஸ்ஆப் வழியே ஒரு படம் கைமாறும்போது, எந்தக் கேமராவில், எப்போது எடுக்கப்பட்டது என்ற உள்விவரங்கள் நீங்கிவிடுகின்றன, படமும் சுருக்கப்படுகிறது. பத்துப் பேர் கை மாறி வந்த படத்தில் தடய அறிவியல் நிபுணர் தேடும் நுண்ணிய வேறுபாடுகள் தேய்ந்துபோகின்றன. முதலில் பதிவேற்றியவரின் கோப்பு கிடைத்தால்தான் விசாரணைக்கு உயிர். மத்திய தடய அறிவியல் ஆய்வகங்களில் ஒன்று புணேயிலேயே இயங்குகிறது. ஆனால் ஆய்வகத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் நகலின் நகல்.

நீதிமன்றத்தின் எதிர்பார்ப்போ கூடிக்கொண்டே வருகிறது. மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதித் தேர்தல் வழக்கில் – அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கு – மின்னணு ஆவணத்தின் நகலைத் தாக்கல் செய்யச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஜூலையில் ஆர்.எஃப். நாரிமன் தலைமையிலான மூவர் அமர்வு உறுதி செய்தது. தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி வி. ராமசுப்பிரமணியனும் அந்த அமர்வில் இருந்தார். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவு, கோப்பின் கைரேகை போன்ற "ஹாஷ்" எண்ணையும் நிபுணரின் ஒப்பத்தையும் சான்றிதழில் கேட்கிறது. ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் புகார் கொடுக்க வருபவரின் செல்லிடப்பேசியிலிருந்து படத்தை முறைப்படி எடுத்து, அந்த எண்ணைக் கணக்கிட்டுப் பதிவு செய்யும் பயிற்சி எத்தனை காவல் நிலையங்களில் இருக்கிறது?

அகற்றப்பட்ட பதிவை 180 நாள்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நீதிமன்றமோ விசாரணை அமைப்போ கேட்டால் கூடுதல் காலம் வைத்திருக்க வேண்டும். அதாவது, ஆறு மாதத்துக்குள் யாராவது கேட்க வேண்டும். 2014 ஜூனில் நடந்த கொலைக்கு 2023 ஜனவரியில் தீர்ப்பு வந்த நாட்டில், கேட்கும் பொறுப்பு யாருடையது என்பதை விதிகள் எழுதி வைக்கவில்லை. நீக்க உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரியே, அதே உத்தரவில், கோப்பையும் பதிவேற்றியவரின் விவரங்களையும் வழக்கு முடியும்வரை காக்கும்படி ஆணையிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். 2025 அக்டோபரில் வெளியான வரைவு, படத்தின் பரப்பில் 10 சதவீதத்தை அறிவிப்பு அடைத்துக்கொள்ள வேண்டும் என்ற அளவுக்கு நுணுக்கம் காட்டியது. நிறுவனங்கள் எதிர்க்கவே இறுதி விதிகளில் அந்த அளவு கைவிடப்பட்டது. அறிவிப்பின் அளவு பற்றி நடந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்கு ஆதாரத்தைக் காப்பது பற்றி நடக்கவில்லை.

வண்ணம் கூட்டுதல், ஒளி சரிசெய்தல் போன்ற வழக்கமான, நல்லெண்ணத் திருத்தங்களுக்கு விதிகள் விலக்கு அளித்திருப்பது வரவேற்கத்தக்கது. இல்லாவிட்டால் நாட்டிலுள்ள கல்யாணப் படக்காரர்கள் அனைவரும் குற்றவாளிகள் ஆகியிருப்பார்கள். 2024 ஜனவரியில், மறைந்த தலைவர் மு. கருணாநிதி செயற்கை நுண்ணறிவின் வழியே திரையில் தோன்றி, டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு நிகழ்ச்சியில் வாழ்த்தியதைத் தமிழகம் பார்த்தது. அங்கே யாரும் ஏமாற்றப்படவில்லை. அதே காட்சி மூன்று மாதம் கழித்து, தேர்தல் நேரத்தில், வேறொருவரின் கையில் வேறு வாசகத்துடன் வந்தால் நிலைமை வேறு.

புணே மாவட்டம் இன்னும் ஓயவில்லை. 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி தௌண்ட் வட்டத்தில் உள்ள யவத் என்ற ஊரில், ஓர் இளைஞரின் சமூக வலைதளப் பதிவைத் தொடர்ந்து வீடுகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. போலீஸார் கண்ணீர்ப்புகை வீசிக் கூட்டத்தைக் கலைத்தனர். அதற்கு முன், 2023 ஜூனில் கோல்ஹாப்பூரிலும், செப்டம்பரில் சாதாரா மாவட்டத்தின் புசேசாவளியிலும் பதிவுகளைக் காரணம் காட்டிக் கும்பல்கள் திரண்டன. புசேசாவளியில் மசூதிக்குள் புகுந்த கும்பல் ஒருவரைக் கொன்றது. இந்த ஊர்கள் எதிலும் பதிவு வெளியானதற்கும் கல் விழுந்ததற்கும் நடுவே காவல் துறையினர் என்ன செய்தார்கள் என்பதை மகாராஷ்டிர அரசு ஊர்வாரியாகச் சட்டப்பேரவையில் வைக்கட்டும். தில்லியின் 3 மணி நேர விதி எங்கே உதவியிருக்கும், எங்கே உதவியிருக்காது என்பது அந்த அறிக்கையிலிருந்தே தெரிந்துவிடும்.